காண்டிராக்டர் பிடித்த ஆகாயப் படம்

போட்டோ ஸ்டூடியோவில் "அசையாமல் இருங்கள்!" என்று சொன்னால், அரை நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவதே நமக்குப் பெரும்பாடு. நாலு மணி நேரம் பிடிக்கும் படம் என்றால்? அதுவும், படத்தில் விழ வேண்டியது ஆளல்ல, ஆகாயம் என்றால்?

1888-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி இரவு அப்படி ஒரு படம் எடுத்தார் ஐஸக் ராபர்ட்ஸ். பெரிய கலாசாலைப் பேராசிரியர் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துக் கட்டிடக் காண்டிராக்டர்! செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் சம்பாதித்ததை ஆகாயத்தில் செலவிட்ட மனிதர். அவருடைய டெலஸ்கோப்பின் கண்ணாடி 20 அங்குல அகலம்.

ஆண்டிரோமீடா நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு மங்கலான ஒளித்திட்டு வெறுங்கண்ணுக்கே தெரியும். டெலஸ்கோப்பில் பார்த்தாலும் ஏறக்குறைய புகை மாதிரிதான். ஏன் தெரியுமா? நம் கண் ஓர் அன்றாடங்காய்ச்சி. இந்தக் கணம் விழுந்த வெளிச்சத்தை அடுத்த கணத்துக்குச் சேர்த்து வைக்காது. போட்டோத் தகடோ உண்டியல். துளித் துளியாகச் சேர்த்துக்கொண்டே போகும்.

ஆனால் பூமி சுற்றுகிறதே! சும்மா விட்டால் நட்சத்திரப் புள்ளிகள் எல்லாம் கோடாக இழுபட்டுவிடும். ஆகவே கடிகார யந்திரம் ஒன்று டெலஸ்கோப்பை நட்சத்திரங்களோடு கூடவே திருப்ப வேண்டும். அது மயிரிழை பிசகினால் திருத்துவதற்கு ஒருவர் கண் கொட்டாமல் காவல் இருக்க வேண்டும், அந்த ஊர் டிசம்பர் குளிரில்!

பலன் என்ன? புகைத்திட்டின் சுருள் வடிவம் உலகத்துக்கு முதன் முதலாகத் தெரிந்தது. ஒரு சூரிய மண்டலம் பிறந்துகொண்டிருக்கிறது என்று ராபர்ட்ஸ் நம்பினார். படம் சொன்னது நிஜம். அவர் கொண்ட பொருள்தான் தவறு. 1923-ல் அமெரிக்காவில் எட்வின் ஹப்பிள், அதே திட்டில் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதைக்கொண்டு தூரத்தைக் கணக்கிட்டால், அந்தத் திட்டு நமது பால்வீதிக்கு வெகு தொலைவுக்கு அப்பால் இருந்தது! கோடானுகோடி சூரியன்கள் கொண்ட வேறொரு மண்டலம் அது. இன்றைய கணக்குப்படி 25 லட்சம் ஒளி ஆண்டு தூரம்.

இப்போது தகடு போய், மின்னணுக் காமிரா வந்துவிட்டது. சில நிமிஷப் படங்களாகப் பல எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். பொறுமைக்கு மட்டும் இன்னும் யந்திரம் வரவில்லை. டிரெக்ஸ்லர், ஸ்டிராட்னர், செய்ன்டி என்ற மூன்று பொழுதுபோக்கு வான ஆர்வலர்கள் இதே ஆண்டிரோமீடாவை நூறு மணி நேரத்துக்கு மேல் படம் பிடித்தார்கள். அதன் பக்கத்தில் பிராணவாயு ஒளிரும் பெரிய வில் ஒன்று இருப்பதை அவர்கள் 2023-ல் அறிவித்தபோது விஞ்ஞானிகளே வியந்தார்கள். எத்தனையோ பேர் படமெடுத்த இடம். ஆனால் யாரும் அந்த வில்லைக் கண்டதில்லை!

கார்த்திகை மாதத்து முன்னிரவில், விளக்கில்லாத கிராமத்துக்குப் போனால் வடக்கே உயரத்தில் அந்தத் திட்டைத் தேடிப் பாருங்கள். உங்கள் கண்ணில் விழும் அந்த ஒளி, நம்மைப் போன்ற மனிதர்கள் பூமியில் தோன்றுவதற்கு வெகு முன்பே புறப்பட்டது.