மின்சாரக் காரில் ரசாயன வாடை: எப்போது இறங்க வேண்டும், எப்போது பொறுக்கலாம்?

பெட்ரோல் காரில் எண்ணெய் வாடையும் புகை வாடையும் பழகிப்போனவை. மின்சாரக் காரில் அவை இல்லாததால் சின்ன நெடிகூட உடனே மூக்கில் ஏறும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும்போது காருக்குள் அப்படி ஒரு நெடி வந்தால் என்ன செய்வது? பெரும்பாலான வாடைகளுக்குக் காரணம் சாதாரணமானதுதான். ஒன்றிரண்டு மட்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. அவற்றிலிருந்தே தொடங்குவோம்.

எந்த வாடை வந்தால் உடனே இறங்க வேண்டும்?

நகப்பூச்சு அழிக்கும் திரவம் அல்லது பெயின்ட் தின்னர் போல, இனிப்பு கலந்த காரமான நெடி வந்தால் உடனே இறங்குங்கள். பெரிய பேட்டரியின் செல்களுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் (மின்னூட்டத்தைக் கடத்தும் திரவம்) கசிந்தால் இந்த வாடை வரும். கூடவே 'உஸ்' என்ற சத்தமோ, பட்பட்டென்ற வெடிப்போ, வெள்ளைப் புகையோ இருந்தால் ஒரு நொடியும் யோசிக்காதீர்கள்.

ஓரமாக நிறுத்தி, காரை அணைத்து, எல்லோரையும் இறக்கி, காற்று வரும் திசையில் தள்ளி நில்லுங்கள். 112-க்கு அழைத்து, 'மின்சாரக் கார்' என்று சொல்லிவிடுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு (நுரையீரலைப் புண்ணாக்கும் நச்சு வாயு) இருக்கலாம். எனவே பையை எடுக்கவோ, தீயை நீங்களே அணைக்கவோ திரும்பப் போகாதீர்கள்.

கூலன்டும் இனிப்பாகத்தானே மணக்கும்?

ஆமாம். கூலன்ட் (பேட்டரியின் சூட்டைத் தணிக்கும் திரவம்) கசிந்தால் சர்க்கரைப்பாகு போன்ற மணம் வரும், காரம் இருக்காது. பானெட்டுக்குள் இருக்கும் கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருக்கும். அப்படியானால் மேற்கொண்டு ஓட்டாமல் சர்வீஸ் சென்டரை அழையுங்கள். இரண்டில் எது என்று தெரியாவிட்டால் பேட்டரி வாடை என்றே வைத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

அழுகிய முட்டை வாடை எதனால்?

பல மின்சாரக் கார்களில் விளக்கு, பூட்டு போன்றவற்றுக்காக 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஒன்று தனியாக உண்டு. அது பழுதாகி அளவுக்கு மீறி சார்ஜ் ஆனால் இந்த வாடை வரும். அப்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனும் வெளியேறும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு இறங்குங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது.

சார்ஜ் போடும்போது மட்டும் வாடை வந்தால்?

கருகிய பிளாஸ்டிக் வாடை, சில நேரம் மீன் கவிச்சி போன்ற வாடை வரும். குப்பங்கள் நிறைந்த கடற்கரையில் மீன் வாடையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சார்ஜ் போட்டதும் வந்து, எடுத்ததும் அடங்கினால் உங்கள் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள்.

வீட்டுப் பவர் பிளக்கில் இஸ்திரிப் பெட்டி சில நிமிடம்தான் ஓடும். காரோ பல மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் இழுக்கும். உப்புக்காற்றில் செம்பு முனைகளில் களிம்பு ஏறினால் இணைப்பு சூடாகி உருகத் தொடங்கும். பாதுகாப்பாகக் கை எட்டினால் எம்சிபியை (மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்சை) அணையுங்கள். சூடான பிளக்கைத் தொடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். காருக்கென்று தனி வயரும் நல்ல எர்த்தும் போடச் சொல்லுங்கள்.

இது அற்பமான விஷயம் இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். தூங்கும் அறைக்குப் பக்கத்திலோ வெளியேறும் வழியிலோ எந்த மின்சார வண்டிக்கும் சார்ஜ் போடாதீர்கள்.

பொறுத்துப் பார்க்கக்கூடிய வாடைகள் எவை?

ஏசி போட்டதும் வரும் பூஞ்சை வாடை, உள்ளே ஈரம் தங்கியதால் வருவது. வடிகட்டியை மாற்றிச் சுத்தம் செய்தால் போய்விடும். வெயிலில் நின்ற புதுக் காரின் நெடி, சூடேறிய பிளாஸ்டிக்கிலும் பசையிலும் இருந்து வருவது. கதவுகளைச் சிறிது நேரம் திறந்து வைத்துவிட்டு ஏறுங்கள். வெளியிலிருந்து வரும் வாடையா என்று அறிய, ஏசியில் வெளிக்காற்றை அடைக்கும் பொத்தானை அழுத்துங்கள். வாடை குறைந்தால் அது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததுதான்.

வெள்ளத்தில் நின்ற காரை ஓட்டலாமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னைப் புறநகரான முடிச்சூர் போன்ற இடங்களில் வீதிகளே மூழ்கின. தண்ணீரில் மூழ்கிய மின்சாரக் காரை இயக்கவும் சார்ஜ் போடவும் கூடாது. கடல்நீர் இன்னும் மோசம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். காய்ந்த பிறகும் உப்பு உள்ளே தங்கிக் குறுக்குச்சுற்று உண்டாக்கும். 2022-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயலுக்குப் பிறகு, கடல்நீரில் நின்ற கார்கள் பல நாள் கழித்தும் தீப்பிடித்தன. அத்தகைய காரை வீட்டிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும் என்று அங்கே அறிவுறுத்துகிறார்கள். வாடை எதுவும் வராவிட்டாலும் இதைக் கடைப்பிடியுங்கள்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

மூன்று விஷயங்கள் போதும். வாடை எதைப் போல இருந்தது, எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது: ஏசி போட்டபோதா, சார்ஜ் ஏறும்போதா, வெயிலில் நின்ற பிறகா? டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் படம் எடுத்து வையுங்கள். ஆரஞ்சு நிற வயர்களில் உயர் மின்னழுத்தம் இருப்பதால் தொடாதீர்கள். தெரு முனை மெக்கானிக்கைப் பேட்டரியைத் திறக்க விடாதீர்கள். அது அவர் உயிருக்கும் ஆபத்து, உங்கள் வாரன்ட்டியும் போகலாம்.

உங்கள் கார் கம்பெனியின் அவசர உதவி எண்ணை இன்றே போனில் பதிந்து வையுங்கள். வீட்டில் கார் ஓட்டும் ஒவ்வொருவருக்கும், தின்னர் நெடி வந்தால் இறங்கி விலக வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.