மொட்டைக் கடிதத்துக்கு ஒரு பெட்டி!

மொட்டைக் கடிதம் என்றால் எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் பெயர் இருக்காது. ஊர் இருக்காது. தபாலில் வந்து விழும். பிரித்துப் படித்தால் யாரோ செய்த தில்லுமுல்லு வெளியாகும். சில நேரம் வீண் பழியாகவும் இருக்கும்.

அந்தக் கடிதம் இப்போது கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. கடிதம் மட்டும் அல்ல. போட்டோ, கணக்குப் புத்தகத்தின் நகல், பேச்சுப் பதிவு எதையும் அனுப்பலாம். அனுப்பியவர் யார் என்று வாங்கியவருக்கே தெரியாது. இதற்கு எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டாமாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் போதுமாம்!

உண்மைதானா என்று செங்கல்பட்டில் என் வீட்டிலேயே செய்து பார்த்தேன். அந்தக் கதையைச் சொல்லும் முன், இது ஏன் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டும்.

பெயரை மறைக்கச் சொன்னவர்

சத்யேந்திர துபே ஓர் இளம் என்ஜினீயர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பீகார் பக்கம் வேலை பார்த்தார். (நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் சாலையும் அதே திட்டத்தில் வந்ததுதான்.) வேலையில் நடந்த ஊழலை அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. 2002-ல் பிரதமருக்கே கடிதம் எழுதினார். "என் பெயரை வெளியிடவேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார்.

கடிதம் மேசை மேசையாக நகர்ந்தது. பெயரும் கூடவே நகர்ந்தது.

2003 நவம்பர் 27. விடிவதற்கு முன், கயா நகரில் ரெயிலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சி.பி.ஐ. 2010-ல் 3 பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் மறைக்கச் சொன்ன பெயரை ஏன் மறைக்கவில்லை? அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

நாடே கொதித்த பிறகு, 2004-ல் இப்படிப்பட்ட புகார்களை வாங்கும் பொறுப்பு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. புகார் கொடுப்பவரைக் காக்க 2014-ல் பார்லிமெண்டு சட்டமும் நிறைவேற்றியது. பத்து ஆண்டு கடந்தும் அது அமலுக்கு வரவில்லை. அந்தச் சட்டத்திலும் ஒரு நிபந்தனை உண்டு. பெயர் இல்லாத புகார் என்றால் நடவடிக்கை கிடையாது!

விமான நிலையத்தில் 9 மணி நேரம்

2013 ஆகஸ்டு 18. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் டேவிட் மிராண்டா என்பவரைப் போலீசார் நிறுத்தினார்கள். 9 மணி நேரம் விசாரணை. கையில் இருந்த கம்ப்யூட்டர், போன் எல்லாம் பறிமுதல். எட்வர்டு ஸ்னோடன் வெளியிட்ட அமெரிக்க உளவு இரகசியங்கள் பற்றிய பைல்களை, ஒரு பத்திரிகையாளரிடம் இருந்து இன்னொருவரிடம் அவர் கொண்டு போனார் என்பதுதான் காரணம்.

"பைலைக் கொடுக்க ஆள் ஏன் விமானம் ஏறவேண்டும்?" என்று யோசித்தார் மைக்கா லீ என்ற கம்ப்யூட்டர் நிபுணர். 2014-ல் ஒரு புரோகிராம் எழுதி இலவசமாகக் கொடுத்தார். அதன் பெயர் ஆனியன் ஷேர். ஆனியன் என்றால் வெங்காயம்!

வெங்காயத் தோல்

ஏன் வெங்காயம்? ஒரு கடிதத்தை மூன்று உறைக்குள் போட்டு ஒட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் வெளி உறையைப் பிரிக்கிறார். அடுத்தவர் யார் என்பது மட்டும் அதில் இருக்கும். அவர் அடுத்த உறையைப் பிரிக்கிறார். இப்படித் தோல் தோலாக உரிகிறது. கொடுத்தவரைப் பார்த்தவருக்கு, கடிதம் கடைசியில் எங்கே போகிறது என்று தெரியாது. கடைசி ஆளுக்கு, கொடுத்தவர் யார் என்று தெரியாது.

இந்தக் கைமாற்றுப் பாதைக்கு டார் என்று பெயர். 1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த யோசனை இது. ஆனியன் ஷேரில் பெட்டி வைப்பவரும் இதேபோல மூன்று கை தள்ளி மறைந்திருக்கிறார். இரண்டு பேரும் வழியில் ஓர் இடத்தில் சந்திக்கிறார்கள். முகம் பார்க்காத சந்திப்பு!

அம்மா கேட்ட கேள்வி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டினேன். புரோகிராமைப் போட்டு, "வாங்கும் பெட்டி" என்று அமைக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 56 எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட முகவரி வந்தது. கூடவே ஒரு சாவி. சாவி இல்லாதவர் பெட்டியைத் தொட முடியாது. பெட்டியை மூடினால் அந்த முகவரியும் போய்விடும். நிலைத்திருக்க வேண்டும் என்றால் தனியாகச் சொல்லிச் சேமிக்கவேண்டும்.

அம்மா எட்டிப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"யார் போட்டாங்கன்னே தெரியாத பொருளை வீட்டுக்குள்ள எதுக்குப்பா வாங்கணும்?" என்றார்கள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்று மாலை கரண்டு போனது. பெட்டியும் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் விழித்திருந்தால்தான் பெட்டி திறந்திருக்கும்.

மாமல்லபுரத்தில் சோதனை

மறுநாள் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன். கடற்கரைக் கோயிலைப் பழைய போனில் ஒரு படம் பிடித்தேன். நிழலில் உட்கார்ந்து, டார் வழியாக என் வீட்டுப் பெட்டிக்கு அனுப்பினேன். ஆமை வேகம்தான். சுண்டல் பொட்டலம் காலியாகும் நேரம் ஆயிற்று. ஆனால் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். படம் இருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. போன் நம்பர் இல்லை. எந்த ஊரில் இருந்து வந்தது என்ற தடயமும் பெட்டியில் இல்லை.

வெற்றி என்று நினைத்தேன். பிறகு படத்தின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். திடுக்கிட்டேன்!

வடக்கே 12.616, கிழக்கே 80.199. படம் எடுத்த இடம் அப்படியே இருந்தது. எடுத்த நேரம் இருந்தது. என் போன் என்ன மாடல் என்பதும் இருந்தது. பாதை பேசவில்லை. பைல் பேசிவிட்டது! கடற்கரைக் கோயிலைக் கட்டிய சிற்பிகள் யார் யார் என்று நமக்குத் தெரியாது. அதைப் படம் பிடித்தவனைத் தேட என் போன் வழி சொல்லிவிட்டது.

படம் மட்டும் அல்ல. டைப் செய்த கடிதத்தில் எழுதியவர் பெயர் தானாகவே பதிந்திருப்பது உண்டு. சில கலர் பிரிண்டர்கள் தாளில் கண்ணுக்கு எளிதில் தெரியாத மஞ்சள் புள்ளிகளை வைக்கின்றன. அதில் பிரிண்டரின் நம்பரும் தேதியும் இருக்கும். ஆபீசு கம்ப்யூட்டரில் இருந்து ஆபீசு ஊழலை அனுப்பினால் கேட்கவே வேண்டாம்.

கதவைத் திறந்து போட்டால்?

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பெரிய கம்பெனியும் அதில்தான் தடுக்கி விழுந்தது. மொசில்லா நிறுவனம் 2019-ல் "பயர்பாக்ஸ் செண்ட்" என்ற பைல் பெட்டியை உலகுக்கே திறந்து வைத்தது. பைலைத் திறக்கும் சாவி கம்பெனிக்கே தெரியாது. நல்லவர்கள் வந்தார்கள். வைரஸ் அனுப்பும் திருடர்களும் வந்தார்கள். 2020-ல் மூடிவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், ஊரடங்கு நேரத்தில், "வீ டிரான்ஸ்பர்" என்ற இன்னொரு பைல் பெட்டியை நம் தொலைத்தொடர்பு இலாகா தடை செய்தது. நாட்டின் பாதுகாப்பு, பொதுநலன் என்று காரணம் சொன்னது.

நம் வீட்டுப் பெட்டியில் ஒருவன் குழந்தைகளைப் பற்றிய ஆபாசப் படத்தைப் போட்டுவிட்டால்? அப்படிப்பட்டதை வைத்திருந்து பரப்புவது, 2000-ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவின்படி கடுங்குற்றம். போட்டவன் மூன்று தோலுக்கு அப்பால் இருப்பான். கதவைத் தட்டினால் திறக்கவேண்டியது வீட்டுக்காரர்தான்.

ஆகவே என் பெட்டியைச் சுருக்கிவிட்டேன். அந்தக் கம்ப்யூட்டரில் இப்போது வேறு எதுவும் இல்லை. பாங்கு கணக்கு இல்லை, குடும்பப் படம் இல்லை. வருவதை அவசரப்பட்டு அதிலேயே திறப்பதும் இல்லை. முகவரியை ஊருக்கு விளம்பரம் செய்யவில்லை. நம்பிக்கையான 3 பேருக்கு மட்டும், சாவியோடு, நேரில் எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் ஒரு பைல் வந்தது. கையால் எழுதி, படம் பிடித்து அனுப்பிய கடிதம். பெயர் இல்லை. இடம், நேரம், போன் மாடல் எல்லாவற்றையும் துடைத்திருந்தார். எழுத்தை அடையாளம் காணக்கூடாது என்று இடது கையால் எழுதியிருக்கிறார் போலும். கோணல் மாணலாக இருந்தது.

ஆனால் தாளின் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி! மூன்று பேரில் அது யாருடைய வழக்கம் என்று எனக்குத் தெரியும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.