வருதலும் பிடித்தலும்: கம்பம் பள்ளத்தாக்கு வழக்கில் மனநோய் வகைப்பாடு

முன்னுரை

மனநோய்களை வகைப்படுத்துவதில் இரு நெறிகள் உள்ளன. ஒன்று காரணத்தைக் கொண்டு பிரிப்பது. மற்றொன்று அறிகுறிகளைக் கொண்டு பிரிப்பது. 1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு இரண்டாம் நெறியை நிலைநிறுத்தியது. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பேச்சுவழக்கு முதல் நெறியைச் சார்ந்தது. இவ்விரண்டும் ஒன்றும் இடத்தையும் விலகும் இடத்தையும் இக்கட்டுரை வினைச்சொற்களின்வழி விளக்குகிறது.

வழக்கில் பாகுபாடு

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா போன்ற சடங்குகளில் சாமி ‘வரும்’, அருள் ‘இறங்கும்’. ‘அவர் சாமியாடினார்’ என்னும்போது ஆளே எழுவாயாகிறார். ‘சாமியாடி’ என்பது ஊர் மதிக்கும் பெயர். பேயோ ‘பிடிக்கும்’. ‘அவளைப் பேய் பிடித்தது’ என்பதில் ஆள் செயப்படுபொருள். பைத்தியமும் சனியும் இவ்வாறே ‘பிடிப்பவை’. ஐயம் எழுந்தால், வந்தது சாமியா பேயா என்பதைக் கோடாங்கி உடுக்கடித்துக் குறி சொல்லித் துணிவார். ஆகவே விருப்பும் ஊர் ஏற்பும் இப்பாகுபாட்டின் அடிப்படைகளாகின்றன.

மருத்துவத்தில் பாகுபாடு

உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பத்தாம் பதிப்பும் ஏறத்தாழ இவ்வடிப்படைகளையே கொள்கிறது. தன் விருப்பின்றி அல்லது வேண்டாததாக, சமயமும் பண்பாடும் ஏற்ற சூழலுக்குப் புறம்பாக நிகழும் ஆவேசநிலை மட்டுமே அதில் கோளாறு எனப்படும். 2022இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பும் இவ்வரம்பைப் பேணுகிறது.

எனினும் ‘பிடித்தல்’ ஒரு நோயின் பெயரன்று. வலிப்பு, மனச்சோர்வு, மனச்சிதைவு ஆகிய வெவ்வேறு நோய்கள் அவ்வொரு சொல்லுள் அடங்கக்கூடும். காரணத்தைப் பிழைபடக் கொண்டால் தீர்வும் பிழைபடும் என்பதைச் சங்க அகப்பாடல்களின் வெறியாட்டு முன்பே காட்டுகிறது: தலைவியின் காமநோயை முருகணங்கு எனக் கருதித் தாய் வேலனை அழைக்கிறாள், உண்மை அறிந்தவள் தோழி. அங்கே பிழையின் விளைவு வீண்சடங்கு. இன்றோ அது உயிரிழப்பாகவும் முடியலாம். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடை செய்கிறது. பண்பாடு, சமயம் ஆகியவற்றைச் சார்ந்திருத்தல் கொண்டு ஒருவரை மனநோயர் எனத் தீர்மானித்தலையும் விலக்குகிறது.

முடிவுரை

எனவே ‘பேய் பிடித்தது’ என்பதை ஒரே மருத்துவப் பெயராக மொழிபெயர்த்தல் பொருந்தாது. உறவினர் கூறும் வினைச்சொல்லை அவ்வாறே பதிவுசெய்து, அறிகுறிகளைத் தனியே கேட்டறிதல் வேண்டும். வினைச்சொல், அந்நிலையை ஊர் எவ்வாறு ஏற்கிறது என்பதை உணர்த்தும். அறிகுறி, எந்நோய் என்பதை உணர்த்தும். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.