முந்திக்கொண்ட பனி

மதுரைக்காரர்களுக்கு வெயில் பழைய உறவு. சித்திரைத் திருவிழாவில் 40 டிகிரி உஷ்ணத்தில் வீதியெல்லாம் ஜனங்கள் திரண்டு நிற்பார்கள். வெயிலைப் பற்றி ஒருவரும் பிரமாதமாகக் குறை சொல்வதில்லை. அதே ஊரில் ஒரு நாள் விடியற்காலையில் உஷ்ணமானி 19 டிகிரிக்கு இறங்கிவிட்டால் போதும். காதுகளை மப்ளர் மறைத்துவிடும், தேநீர்க் கடைகளில் கூட்டம் இரட்டிக்கும், "என்ன குளிர் ஐயா!" என்பதே அன்றைய குசல விசாரணையாகிவிடும்.

இந்தக் குளிர் மார்கழியிலோ தையிலோ வந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்து, ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி தையை முன்பனி என்றும், மாசி பங்குனியைப் பின்பனி என்றும் பெயரிட்டார்கள். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது நம் பாட்டிமார் வாக்கு. ஆனால் சில வருஷங்களில் பனி தன் முறைக்குக் காத்திராமல், கார்த்திகை பிறந்த கையோடு வந்து கதவைத் தட்டுகிறது. அப்படி முந்திக்கொண்டு வந்த ஒரு பனிக்காலத்தில் நம் நண்பர் குழாத்தில் எழுந்த விவாதமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஊருக்கு ஒரு குளிர்

கைப்பேசியின் உபயத்தால் நண்பர்கள் அனைவரும் காலை 6 மணிக்கே தத்தம் ஊர்க் குளிரைப் பிரகடனம் செய்யத் தொடங்கினார்கள். மேல மாசி வீதி நண்பர் 22 டிகிரி என்றார். அலங்காநல்லூர் நண்பர், "இங்கே 18. உங்கள் ஊர்க் குளிரும் ஒரு குளிரா?" என்று கேட்டார். திண்டுக்கல் நண்பர் 17 என்று சொல்லி இருவரையும் வாயடைத்தார். மேலூர் நண்பரிடம் உஷ்ணமானி கிடையாது. ஆயினும் அவர் தளரவில்லை. "எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய் உறைந்துவிட்டது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?" என்றார். டில்லியில் உத்தியோகம் பார்க்கும் நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை இங்கே வசந்தகாலம் என்று சொல்லுவோம்" என்று ஒரே வரியில் முடித்தார்.

தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். ஆகையால் அந்தச் சாட்சி கோர்ட்டில் நிற்காது. டில்லி நண்பரின் பேச்சிலும் பாதி நியாயமே உண்டு. சமவெளியில் குறைந்தபட்ச உஷ்ணம் 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே போய், வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது குறைந்தால்தான் இந்திய வானிலை இலாகா அதைக் 'குளிர் அலை' என்று ஒப்புக்கொள்ளும். அந்தக் கணக்கில் மதுரைக்குக் குளிர் அலை ஏட்டளவில்தான். ஆனால் மனித உடம்பு இலாகாவின் அட்டவணையைப் பார்த்து நடுங்குவதில்லை. தான் பழகிய உஷ்ணத்தோடு ஒப்பிட்டுத்தான் அது குளிரை அறிகிறது.

குழாத்தில் தமிழாசிரியர் ஒருவரும் உண்டு. அவர், "கார்த்திகைக் குளிர் புதிதல்ல. பாண்டியன் நெடுஞ்செழியன்மீது நக்கீரர் பாடிய நெடுநல்வாடையே கூதிர்க் காலத்துக் குளிரைச் சொல்லும் நூல்தானே?" என்றார். கேட்பதற்கு இது முடிவான வாதம் போலத் தோன்றும். உண்மையில் விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இரண்டு குளிர்கள்

நம் நாட்டில் குளிர் இரண்டு ஜாதி. ஒன்று மழைக் குளிர். வானம் மூடியிருக்கும், சூரியன் தலை காட்டாது, வாடைக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து வீசும். பகல் உஷ்ணம் ஏறாமலே நின்றுவிடும். இரவும் அதிலிருந்து அதிகம் இறங்காது. நக்கீரர் கண்ட குளிர் இதுதான். 2022ஆம் வருஷம் டிசம்பர் 9ஆம் தேதி இரவில் மாமல்லபுரத்தருகே கரை கடந்த மாண்டஸ் புயலின்போது, சென்னைவாசிகள் பகலிலேயே போர்வை தேடியதும் இந்தக் குளிரினால்தான்.

மற்றொன்று பனிக் குளிர். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். 30 டிகிரிகூட இருக்கும். வானத்தில் மருந்துக்கும் மேகம் இராது. சூரியன் மறைந்ததும் உஷ்ணம் மளமளவென்று இறங்கி, விடியும் வேளையில் அடிமட்டத்தைத் தொடும். நம் நண்பர்கள் விலை கூறிய குளிர் இதுவே. மழைக் குளிரும் பனிக் குளிரும் தோலுக்கு ஒன்றாகத் தோன்றலாம். வானத்தின் கணக்கில் ஒன்றுக்கொன்று நேர் விரோதமானவை. ஒன்று மழையோடு வருவது. மற்றொன்று மழை ஒதுங்கிய இடத்தில் வருவது.

காரணம் எளிது. பகலில் வாங்கிய உஷ்ணத்தைப் பூமி இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மேகமும் ஈரக் காற்றும் இருந்தால் அவை போர்வைபோல் நின்று அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். வறண்ட காற்றும் தெளிந்த வானமும் இருந்தால் போர்வை இல்லை. உஷ்ணம் தடையின்றிப் போய்விடும். வங்கக் கடலில் தோன்றும் தாழ்வு மண்டலம் நம் பக்கம் வராமல் வடக்கே திரும்பிவிட்டால், உள்நாட்டின் வறண்ட காற்று சில சமயம் தமிழகத்தின்மேல் இழுக்கப்படும். அப்போது ஐப்பசியிலும் கார்த்திகையிலும்கூட மார்கழி இரவு வந்துவிடுகிறது.

பனி 'பெய்கிறது' என்கிறோம். அது மேலிருந்து பெய்வதில்லை என்பதை லண்டனில் வைத்தியராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814ஆம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் காட்டினார். ஒரு பலகையின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் கம்பளிப் பஞ்சை வைத்து, இரவு முழுதும் வெட்டவெளியில் விட்டு, காலையில் நிறுத்துப் பார்த்தார். வானத்தைப் பார்த்த பஞ்சே அதிகம் நனைந்திருந்தது. வானத்தை நோக்கிய பொருள்கள் காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தம்மீது படியச் செய்கின்றன என்பது அவர் கண்ட முடிவு. தலையில் துணியில்லாமல் முற்றத்தில் நிற்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பௌதிகம் இல்லாமற் போகவில்லை.

இதே தத்துவத்தை நம் நாட்டு உழைப்பாளிகள் வெல்ஸின் நூலுக்கு முன்பே தொழிலாகச் செய்துவந்தார்கள். அலகாபாத், காசி முதலிய இடங்களில் ஆழமற்ற குழிகளில் கரும்புச் சக்கையையும் தட்டையையும் பரப்பி, அதன்மேல் சிறிய மண் சட்டிகளில் காய்ச்சி ஆறிய நீரை அந்தியில் ஊற்றி வைப்பார்கள். காற்று உறைநிலைக்கு இறங்காத இரவிலும் விடியுமுன் சட்டிகளில் பனிக்கட்டி படிந்திருக்கும். ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775இல் இதை லண்டன் சபைக்கு விவரித்து எழுதினார். பெயர் பெற்றவர் எழுதியவர்; சட்டி வைத்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

வித்தியாசத்தின் கணக்கு

இனி நண்பர்களின் எண்கள் ஏன் மாறின என்று பார்ப்போம். மதுரை கடல் மட்டத்துக்குமேல் சுமார் 100 மீட்டர் உயரம். திண்டுக்கல் சுமார் 270 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும் என்பது பொது விதி. ஆகவே திண்டுக்கல்லுக்கு உயரத்தால் கிடைக்கும் சலுகை ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. 2,100 மீட்டருக்கு மேலிருக்கும் கொடைக்கானலுக்கோ அது 13 டிகிரி ஆகிறது.

அலங்காநல்லூருக்கும் மாசி வீதிக்கும் உள்ள வித்தியாசம் வேறு வகை. கல்லும் செங்கல்லும் சிமெண்டும் பகல் உஷ்ணத்தைப் பதுக்கி வைத்து, இரவெல்லாம் சிறிது சிறிதாக வெளியே விடுகின்றன. நெருங்கிய வீடுகளுக்கிடையே வானமும் ஒரு கீற்றளவுதான் தெரிகிறது. ஆகையால் மாசிப் பனிகூட மாசி வீதிக்குள் எட்டிப் பார்க்கத் தயங்குகிறது! திறந்த வயல்வெளிக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. குளிர்ந்த காற்று கனமானதால் மலைச்சரிவிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்கவும் செய்கிறது. சிறுமலை, நாகமலை, அழகர்மலை அடிவாரத்துச் சிற்றூர்களில் ஒரே இரவில் மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும் குளிர் மாறுவது இதனால்தான். வானிலை இலாகாவும் மதுரை நகருக்கு ஓர் எண், விமான நிலையத்துக்கு ஓர் எண் என்று இரண்டாகவே தருகிறது.

குளிருக்குப் பின்னால்

இதுவரை சொன்னது வேடிக்கை. இனி வருவது கவலைக்குரியது.

மதுரைச் சீமைக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை ஐப்பசி முதல் மார்கழி வரை வரும் வடகிழக்குப் பருவக்காற்றே கொடுக்கிறது. "கார்த்திகைக்குப் பின் மழை இல்லை, கர்ணனுக்குப் பின் கொடை இல்லை" என்கிறது பழமொழி. கார்த்திகையிலேயே நீல வானமும் பனிக் குளிரும் வந்து பல நாள் தங்கினால், கொடைக் காலத்தில் கருவூலம் மூடிக் கிடக்கிறது என்று பொருள். அணைத் தண்ணீர் பாயும் வயல்கள் ஒருவாறு தாங்கலாம். கண்மாயை நம்பிய ஊர்களுக்கு இந்த இரண்டு மாத மழைதான் வருஷத்துச் சொத்து. 2016ஆம் வருஷத்தில் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் 62 சதவிகிதம் குறைந்துபோயிற்று. 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களையும் வறட்சிப் பிரதேசங்கள் என்று சர்க்கார் அறிவிக்க நேர்ந்தது.

நெற்பயிருக்கும் இந்தக் குளிர் நல்லதல்ல. கதிர் உருவாகும் சமயத்தில் இரவு உஷ்ணம் 20 டிகிரிக்குக் கீழே பல நாள் நீடித்தால், ரகத்துக்குத் தக்கபடி மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். பனி ஈரம் இலையில் நெடுநேரம் நின்றால் குலைநோய்க்கு வழி திறக்கிறது.

மல்லிகையின் கதையோ நேராக நம் வீட்டுக்கே வருவது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய பகுதிகளில் விளைகிறது. வெயில்தான் அதற்கு உயிர். பனி விழுந்தால் மொட்டு சுருங்கும். விளைச்சல் அடியோடு குறையும். மார்கழி, தை மாதங்களில் மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பதைப் படிக்கும் நாம், பூக்காரர்கள் பணக்காரர் ஆகிவிட்டார்கள் என்று எண்ணுகிறோம். விலை ஏறியது பூ இல்லாததால் அல்லவா? இருட்டில் எழுந்து, பனியில் நனைந்த செடிகளுக்கிடையே மொட்டுப் பறிக்கும் பெண்ணுக்கு, எடைக்குத்தான் கூலி. கூடை நிறையாத நாளில் சந்தை விலை அவளுக்கு என்ன செய்யும்? பனி ஒரு மாதம் முந்தினால் அவளுடைய பஞ்சமும் ஒரு மாதம் முந்துகிறது.

ஒப்பிடும் முறை

ஆகையால் நண்பர்கள் குளிரை ஒப்பிடுவது வீண் பேச்சல்ல. ஆனால் முறையோடு ஒப்பிட வேண்டும். கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே மலைமீதுள்ள பீர்மேட்டில் 1918இல் பிறந்த அன்னா மணி அம்மையார், ஸி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்து, 1948இல் வானிலை இலாகாவில் சேர்ந்தார். அதுவரை அன்னிய நாடுகளிலிருந்து தருவித்த கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழி வகுத்து, ஏறக்குறைய நூறு கருவிகளின் அமைப்பை ஒழுங்குபடுத்தினார். தவறாக அளப்பதைவிட அளக்காமலிருப்பதே மேல் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை.

நம் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் அதைக் கடைப்பிடிப்பது கடினமல்ல. உஷ்ணமானியைச் சுவரில் ஆணியடித்து மாட்டக்கூடாது. சுவரின் சூட்டையே அது சொல்லும். தரைக்குமேல் நாலடி உயரத்தில், வெயில் படாமலும் காற்றுத் தடைப்படாமலும் இருக்கும் இடத்தில், மேலே ஒரு கூரையோடு தொங்கவிட வேண்டும். தினமும் சூரியோதயத்தின்போது பார்த்துக் குறிக்க வேண்டும். எண்ணோடு வானத்தில் மேகம் உண்டா, காற்று எத்திசை, புல்லில் பனி உண்டா என்பவற்றையும் எழுத வேண்டும். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒரு பருவத்துக்குப் போதும். பத்து ஊர்களில் பத்துக் குழந்தைகள் ஐந்து வருஷம் இப்படி எழுதி வைத்தால், எந்த வயலுக்கு எந்த ரகம் ஏற்றது, எந்தப் பள்ளத்தில் பனி தேங்கும் என்று சொல்ல அது உதவும்; பெரிய நிலையங்களின் கணக்கு எட்டாத இடங்களுக்கு அதுவே கணக்காகும்.

இனி எந்த நண்பராவது, "எங்கள் ஊரில்தான் குளிர் அதிகம்" என்று மார்தட்டினால், நேயர்கள் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். உங்கள் உஷ்ணமானி எங்கே தொங்குகிறது? இராத்திரி வானத்தில் நட்சத்திரம் தெரிந்ததா? உங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் எவ்வளவு? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் அந்தக் குளிரின் உண்மையான அளவு.