முற்றத்தில் ஒரு கட்டுமரம்

ஆஸ்திரேலியாவிலோ நியூஸிலாந்திலோ ஒரு வீட்டு வாயிலில் லாரி ஒன்று வந்து நிற்கிறது. அதிலிருந்து இறக்கப்படுபவை வெள்ளி நிறத்தில் மின்னும் அலுமினியத் தகடுகள். ஒவ்வொரு துண்டின்மீதும் ஓர் எண் பொறித்திருக்கிறது. கூடவே ஒரு கட்டு வரைபடங்கள். வீட்டுக்காரர் கப்பல் கட்டும் தொழிலில் பழகியவர் அல்லர். குமாஸ்தாவாகவோ, எம்மைப்போல் ஓர் உபாத்தியாயராகவோ இருக்கலாம். மனைவி மக்கள் கூடி நின்று அந்தக் குவியலைப் பார்க்கிறார்கள். "இதில் ஏறியா நாம் சமுத்திரம் போகப் போகிறோம்?" என்ற கேள்வி அவர்கள் முகத்திலேயே எழுதியிருக்கிறது. சில வருஷங்கள் கழித்து அந்தக் குவியலே இரண்டு உடல்களும் ஒரு தளமும் கொண்ட அழகிய கலமாகிக் கடலில் மிதக்கிறது.

அந்தக் கலத்தில் மரம் என்பது துளியும் இல்லை. கயிறு போட்டுக் கட்டிய கட்டும் இல்லை. ஆயினும் உலகம் முழுவதும் அதற்கு வழங்கும் பெயர் 'கட்டமரான்'. அஃதாவது நம்முடைய கட்டுமரம்!

இந்தப் பெயர் கடல் கடந்த கதை பழையது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-ஆம் வருஷத்தில் வெளியிட்ட தம் உலகப் பிரயாண நூலில், சோழமண்டலக் கரையில் வழங்கும் மிதவைக்குக் கட்டுமரம் என்று பெயர் என எழுதினார். அவர் குறித்தது இலேசான மரக்கட்டைகளால் ஆன நம் செம்படவர்களின் கலத்தைத்தான். பின்னர் எப்படியோ அந்தப் பெயர், இரண்டு ஓடங்களை இணைத்துச் செய்த வேறு வகைக் கலத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இங்கே நேயர்களிடம் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பெயர் நம்முடையது, பொருள் நம்முடையதன்று. இரட்டையுடல் கலத்தின் பிதாக்கள் பசிபிக் தீவுகளில் வாழும் பாலினீஷியர்கள். அவர்கள் இரட்டை ஓடங்களில் நட்சத்திரங்களையும் அலைகளையும் வழிகாட்டியாகக் கொண்டு ஆயிரக்கணக்கான மைல் சென்றவர்கள். 1976-இல் ஹவாய்த் தீவினர் தாங்கள் கட்டிய 'ஹோகுலேயா' என்னும் இரட்டை ஓடத்தை, திசைகாட்டி முதலிய கருவி ஒன்றும் இல்லாமல் தாஹிட்டி வரையில் ஓட்டி அந்தப் பழங்கலை மெய்யென்று நிரூபித்தார்கள். பெயரைச் சொல்லிப் பொருளுக்கும் பாத்தியதை கொண்டாடுவது கௌரவமாகாது. உள்ளதைச் சொல்லிப் பெருமைப்படுவதற்கே நம்மிடம் போதுமானது இருக்கிறது. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

இரண்டு உடல் எதற்கு? ஓடுகிற ரயிலில் நிற்பவர் காலை அகட்டி வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான். ஒற்றையுடல் பாய்க்கப்பல் காற்றில் சாயாதிருக்க அடியில் ஈயமோ இரும்போ கனமாகத் தொங்கவேண்டும். இரட்டையுடலுக்கு அகலமே பலம், அடிக்கனம் வேண்டியதில்லை. ஒவ்வோர் உடலும் குறுகலாக இருப்பதால் நீரைக் கத்திபோல் கிழித்துச் செல்லும். ஆழமில்லாத நீரிலும் ஓடும். குறை இல்லாமலும் இல்லை. அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் அதன் வேகமும் குணமும் கெடும். பெரும் புயலில் ஒருமுறை கவிழ்ந்துவிட்டால் தானே நிமிராது.

1876-இல் அமெரிக்காவில் நத்தானியேல் ஹெரஷாப் என்ற கப்பற் சிற்பி 'அமரில்லிஸ்' என்னும் இரட்டையுடல் படகை நியூயார்க் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். அது மற்றப் படகுகளைப் பின்னே தள்ளிச் சென்றது. தோற்றவர்கள் என்ன செய்தார்கள்? இது படகு ஜாதியிலேயே சேராது என்று ஆட்சேபம் கிளப்பி அதை விலக்கிவிட்டார்கள்! புதியதைக் கண்டால் முகம் சுளிப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் அன்று.

கப்பல் கட்டும் கலையை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர். 1954-இல் அவர் தம் கையாலேயே இருபத்து மூன்றரை அடி நீளத்தில் 'டங்கரோவா' என்ற இரட்டையுடல் படகைக் கட்டினார். சமுத்திரத்தில் இது இரண்டாகப் பிளந்துபோகும் என்று விஷயம் தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள். அவரோ இரண்டு ஜெர்மானியப் பெண்களைத் துணைகொண்டு 1956-இல் அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் போய்ச் சேர்ந்தார். அங்கேயே 'ரோங்கோ' என்ற பெரிய படகைக் கட்டி, 1959-இல் வட அட்லாண்டிக்கின் வழியே மேற்கிலிருந்து கிழக்கே திரும்பினார். பிறகு சாதாரண மனிதர்கள் தாங்களே கட்டிக்கொள்ளும்படியான வரைபடங்களை விற்பதையே தொழிலாகக் கொண்டார். 2021-இல் அவர் காலமாவதற்குள் உலகின் பல மூலைகளிலும் மாட்டுக் கொட்டில்களிலும் புழைக்கடைகளிலும் அவருடைய படகுகள் உருவாகிவிட்டன. அவர் நம்பியது மரத்தை. இன்று வீட்டில் கட்டுபவர்களில் ஒரு சாரார் அலுமினியத்தை நாடுகிறார்கள்.

அலுமினியம் நம் அடுக்களைக்குப் பழக்கமானது. 'ஈயப் பாத்திரம்' என்று தவறாகச் சொல்கிறோமே, அதுதான். ஒரு காலத்தில் அது அருமையான உலோகமாக இருந்தது. 1884-இல் வாஷிங்டன் ஞாபகஸ்தம்பத்தின் உச்சியில் வைக்கத் தேர்ந்தெடுத்தது ஒரு சிறு அலுமினியப் பிரமிடைத்தான். 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் எரூவும் தனித்தனியே மின்சாரத்தால் அதைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டபின்னரே அது ஏழைவீட்டு அடுப்புக்கு வந்தது.

கடலுக்கு ஏற்றது வெறும் அலுமினியம் அன்று. நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக மக்னீஸியம் கலந்த உலோகம். அதற்கு 5083 என்று இலக்கம் இட்டிருக்கிறார்கள். ஒரு மீட்டர் சதுரமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள தகடு சுமார் 13 கிலோ. அதே அளவு எஃகுத் தகடு 39 கிலோ. எஃகைப்போல் துருப்பிடிக்காது. காற்றுப் பட்டதும் தன்மேல் தானே ஒரு மெல்லிய கவசத்தைப் போர்த்திக்கொள்கிறது.

ஆனால் அந்தக் கவசமே கட்டுபவருக்குச் சோதனை. அலுமினியம் 660 டிகிரி உஷ்ணத்தில் உருகும். மேலிருக்கும் கவசமோ 2,000 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். உள்ளே பாகாக ஓடும்போதும் மேலே தோல் அப்படியே நிற்கிறது. ஆகையால் ஒட்டுமுன் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, துருவேறாத கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். எஃகைத் தேய்த்த தூரிகையை இதன்மேல் படவிடலாகாது. ஒட்டும் இடத்தைச் சூழ்ந்து ஆர்கான் வாயு காவல் நிற்கும். ஒரு வீச்சுக் காற்று வந்து அந்த வாயுவைக் கலைத்தால் ஒட்டில் பொடித் துவாரங்கள் விழும். திறந்த முற்றமாயினும் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டே தீரவேண்டியது இதனால்தான்.

இனி, துண்டுகள் வரும் விதம். முற்காலத்தில் கப்பல் கட்டுபவர் பெரிய கூடத்தின் தரையில் கப்பலின் வளைவுகளை முழு அளவில் வரைந்து, அதிலிருந்து அச்சு எடுப்பார். அனுபவசாலிகளுக்கே கைவந்த வித்தை அது. இப்போது அந்த வேலையைக் கணிப்பொறி செய்துவிடுகிறது. அது கொடுக்கும் கணக்கின்படி இயந்திரம் தகடுகளை வெட்டுகிறது. விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, நெடுக ஓடும் கம்பிகளை அவற்றின் வெட்டுகளில் பொருத்தினால் உடலின் வடிவம் தானே தெரிகிறது. பின்னர்த் தகடுகளைப் போர்த்துகிறார்கள்.

தையல் தெரிந்த நம் சகோதரிகளுக்கு மற்றது எளிதில் விளங்கும். ரவிக்கைத் துணியை முதலில் ஓட்டுத் தையலால் நிறுத்திப் பார்த்து, சரியென்று கண்டபின் அல்லவா இயந்திரத்தில் கொடுக்கிறோம்? அதுபோல முதலில் அங்கங்கே சிறு சிறு பற்றுகளால் மட்டும் ஒட்டிவைத்து, கோணல் இல்லை என்று அளந்து பார்த்தபின்னரே முழு ஒட்டுப் போடவேண்டும். அதையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போகலாகாது. சூட்டினால் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். நடுவிலிருந்து தொடங்கி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாறிமாறிப் போடவேண்டும். அவசரக்காரனுக்கு அலுமினியம் தண்டனை கொடுக்காமல் விடுவதில்லை.

ஒட்டில் கசிவு உண்டா என்று பார்க்கும் வழி மிக எளியது. ஒருபுறம் சுண்ணக்கட்டிக் கரைசலைப் பூசிக் காயவிட்டு, மறுபுறம் மண்ணெண்ணெய் தடவினால் போதும். கண்ணுக்குத் தெரியாத துவாரம் இருந்தாலும் மண்ணெண்ணெய் ஊடுருவி வெள்ளைப் பூச்சில் கறையாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

முடிந்தபின்னும் எச்சரிக்கை தேவை. புளியை அலுமினியப் பாத்திரத்தில் வைக்கலாகாது என்று நம் பாட்டிமார் அறிவார்கள். அலுமினியப் படகுக்கோ செம்பு பரம விரோதி. உப்புநீரில் இரண்டும் தொட்டுக்கொண்டால் மின்சாரம் பிறந்து அலுமினியம் அரிக்கப்படும். அடித்தளத்தில் தவறி விழுந்த செப்புக் காசு ஒன்று கிடந்தாலும் அங்கே குழி விழலாம். ஆதலால் பாசி பிடிக்காதிருக்க மற்றப் படகுகளுக்குப் பூசும் செம்பு கலந்த வர்ணம் இதற்கு ஆகாது.

இவ்வளவையும் கேட்டு உற்சாகம் கொள்பவர் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். லாரியில் வந்திறங்குவது உடல் மாத்திரமே. இயந்திரம், சுக்கான், ஜன்னல், மின்கம்பி, நங்கூரம் எல்லாம் பிற்பாடு வரும் செலவு. ஆண்டுக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளைக் காவு கொடுக்க வேண்டும். பாதியில் கைவிடப்பட்டுப் புல் முளைத்துக் கிடக்கும் படகுகளும் உலகில் அநேகம். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள இரட்டையுடல் கலம் ஆறு மீட்டருக்கு மேல் அகலம் இருக்கும். வீதியையும் வாசற்கதவையும் அளக்காமல் தொடங்கியவர் மதிலை இடிக்க நேரும். விவேகிகள் இரண்டு உடல்களையும் தனித்தனியே முடித்துக் கரைக்குக் கொண்டுபோய் அங்கே இணைக்கிறார்கள்.

நிற்க. நம் பெருமை எது என்று பின்னர்ச் சொல்வதாக வாக்களித்தோம் அல்லவா? துண்டுகளாகக் கொண்டுவந்து, தேவையானபோது இணைத்து, நீரில் இறக்கும் யுக்தி நம் கரையில் தினந்தோறும் நடந்துவந்ததுதான். செம்படவர் இலேசான கட்டைகளைச் செதுக்கி, வரிசை மாறாமல் அடுக்கி, கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போவார். திரும்பியதும் கட்டை அவிழ்த்துக் கட்டைகளை மணலில் உலரப் போடுவார். மறுநாள் மீண்டும் கட்டுவார். ஆணி ஒன்று கிடையாது. அலை மேலே புரண்டாலும் நீர் நிற்க இடமில்லாததால் அது மூழ்குவதும் இல்லை. எந்தக் கல்லூரியிலும் கற்காத சிற்பம் அது.

அந்தக் கட்டுமரம் இன்று அருகிவிட்டது. கண்ணாடி நார்ப் படகுகள் வரத்தொடங்கின. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை கரையைத் துடைத்த பிறகு, நிவாரணமாக அத்தகைய படகுகளே ஏராளமாக வழங்கப்பட்டன. உயிரைப் பணயம் வைப்பவர்கள் வேகமும் வசதியும் உள்ள படகை நாடினால் குறை சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் எந்தக் கட்டை எங்கே, எந்த முடிச்சு எதற்கு என்று அறிந்த கைகள் ஓய்ந்துபோகுமுன் அவற்றின் அறிவைக் குறித்துவைக்க வேண்டியது படித்தவர்களின் கடமை. அதை நாம் போதுமான அளவு செய்தோமா?

பெயரோ வளர்ந்துகொண்டே போகிறது. டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் 2025-இல், மின்கலத்தாலேயே ஓடும் 130 மீட்டர் நீள அலுமினியக் 'கட்டமரான்' நீரில் இறக்கப்பட்டது. நம் பாரத நாட்டிலும் 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி நீர்வழிப் போக்குவரத்துக்கு, கொச்சிக் கப்பல்துறையினர் அலுமினிய இரட்டையுடல் படகுகளையே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அயலார் செய்ததை வாங்காமல் நம்மவர் கையாலேயே செய்தார்கள் என்பது மகிழத்தக்க செய்தி. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ. உ. சிதம்பரனார் கண்குளிர்ந்திருப்பார்.

ஆயினும் நம் வீடுகளை நினைத்தால் சற்று வெட்கமாகவே இருக்கிறது. பட்டம் பெற்ற நாம் நாற்காலியின் கால் ஆடினால் தச்சரைத் தேடி ஓடுகிறோம். எம் வகுப்பில் 'கட்டமரான்' என்ற சொல்லின் பொருளை எழுதச் சொன்னால் பிள்ளைகள் பிழையின்றி எழுதுகிறார்கள். ஒரு முடிச்சுப் போடச் சொன்னால் விழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, எமக்கும் அது தெரியாது! கைத்தொழிலின் வழியே கல்வி என்று காந்தியடிகள் வார்தாவில் 1937-இல் சொன்னதை ஏட்டில் எழுதிப் பரீட்சைக்குக் கேட்டதோடு நாம் நின்றுவிட்டோம்.

வாசகர் அனைவரும் முற்றத்தில் கப்பல் கட்டவேண்டும் என்று சொல்லவரவில்லை. நம்மில் பலருக்கு முற்றமே இல்லை. விடுமுறையில் பிள்ளையிடம் ஓர் அரத்தையும் ஒரு தகட்டுத் துண்டையும் கொடுத்துப் பார்க்கலாம். கடற்கரைக்குப் போகும்போது அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், கரையிலே வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் அழைத்துச் சென்று, "ஐயா, கட்டுமரம் கட்டுவது எப்படி என்று இந்தக் குழந்தைக்குச் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். அவர் சொல்லுவார். பிள்ளையோடு நாமும் உட்கார்ந்து கேட்போம்.