சாளர நிரலில் முன்பின் முறை

கணினித் திரையில் சாளரமும் பொத்தான்களும் ஒருங்கே தோன்றுவன போலக் காணப்படும். ஆயின், அவை ஒன்றன்பின் ஒன்றாகவே ஆக்கப்படுவன. அம்முறை பிறழ்ந்துழி விளையும் பிழையைக் காணும் வழியே ஈண்டுக் கூறப்புகுந்தது. தமிழ் வகுப்பினனுக்கு இதில் என்ன வேலையென்று நண்பர்கள் நகைக்கலாம், பட்டவன் யான்.

வெண்பாவைச் சீர் பிரித்துக் காட்டும் சிறு நிரலொன்றைக் கல்லூரிக் கண்காட்சிக்கெனச் சி பிளஸ் பிளஸ் மொழியில், கியூட் என்னும் கருவித்தொகுதி கொண்டு எழுதினேன். முதல்நாள் இரவு அது சாளரம் திறவாமலே மாண்டது. நிரலின் வாயிலாகிய ‘மெயின்’ என்னும் பகுதியின் முதல் வரியில் நிறுத்தக்குறி இட்டுப் பார்த்தேன். நிரல் அவ்வரியை எட்டவேயில்லை! அதுவே துப்பாயிற்று. சாளரத்தை யான் எல்லாப் பகுதிக்கும் பொதுப்பொருளாக வெளியே வைத்திருந்தேன். அத்தகையன மெயினுக்கு முன்னரே ஆக்கப்பட்டுவிடும். கியூட்டோ, தன் ‘கியூ அப்ளிகேஷன்’ என்னும் தலைமைப்பொருள் பிறந்த பின்னரன்றிச் சாளரம் எதனையும் ஏற்பதில்லை. வெவ்வேறு கோப்புகளிலுள்ள பொதுப்பொருள்களுள் எது முந்தும் என்பதை மொழியும் வரையறுக்கவில்லை. ஆதலின் ஒரு கணினியில் ஓடுவது மற்றொன்றில் விழவுங்கூடும். சாளரத்தை மெயினுக்குள், தலைமைப்பொருளுக்குப் பின் வைத்தேன், திறந்தது.

திறந்தவுடன் மீண்டும் விழுந்தது. இம்முறை விழுந்த இடம் கியூட்டின் உள்ளே; ஆகவே கியூட்டையே பழித்தேன். அது தவறு. விழுந்த வரியை விடுத்து, அதனை அழைத்தது யார், அவரை அழைத்தது யார் என டிபக்கர் காட்டும் அழைப்பு வரிசையில் பின்னோக்கிச் சென்றேன். எழுத்தின் அளவை மாற்றும் ஸ்லைடருக்கு 18 என்னும் மதிப்பை இட்டிருந்தேன். மதிப்பு மாறியவுடன் ஸ்லைடர் அறிவிப்பு விடுக்கும்; அதனைக் கேட்டு லேபிளில் எண்ணை எழுத என் செயல் ஓடும். லேபிளோ அதற்கு நான்கு வரி கழித்தே ஆக்கப்படுவது. சுட்டு உண்டு, சுட்டப்படு பொருள் இல்லை! வினைமுற்று இறுதியில் வரினும் தமிழ் வாக்கியத்தைப் படிப்பவன் பொறுத்திருப்பான், கணினி பொறாது.

பொருள்களையெல்லாம் முதலில் ஆக்கி, பின்னர் அறிவிப்புகளை இணைத்து, மதிப்பை இறுதியில் இட்டேன். டிபக்கர் இல்லாதார் ஒவ்வொரு பொருளும் பிறக்குமிடத்து ஒரு வரி அச்சிடச் செய்யின், முன்பின் முறை தானே விளங்கும்.

மறுநாள் நிரல் விழாமல் ஓடிற்று. தளை பார்க்கத்தான் அஃது இன்னும் கல்லவில்லை.