அத்தாங்கும் இன்னொரு கையும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1966 வரை, தூண்டிலில் மாட்டிய மஸ்கி என்னும் பெரிய மீனைப் படகோரம் இழுத்து வந்து துப்பாக்கியால் சுடலாம், சட்டம் தடுக்கவில்லை. மீன்பிடிக்க ஆட்களை அழைத்துப்போன வழிகாட்டிகள் பலர் மதியச் சாப்பாட்டோடு ஒரு கைத்துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டுதான் ஏரிக்குள் போனார்கள். சுட மனமில்லாதவர் கையில் தடி இருந்தது, அல்லது நீளக் காம்பில் செருகிய இரும்புக் கொக்கி. இன்று கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலடி நீளத்தில், வாய் நிறையப் பற்களோடு, தாடையில் மும்முள் என்கிற மூன்று முனைத் தூண்டில் முள் தொங்க ஒரு மீன் ஒடுக்கமான மரப்படகுக்குள் துள்ளினால் அந்த முள் யார் காலில் ஏறும் என்று சொல்ல முடியாது. மீன் எப்படியும் வாணலிக்கோ வரவேற்பறைச் சுவருக்கோ போகப்போவதுதான். கொன்ற பிறகு ஏற்றுவது அன்றைய கணக்கில் புத்திசாலித்தனம்.

பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று மஸ்கியைப் பற்றி அங்கே சொல்வார்கள். 1955 ஜூலையில் மின்னசோட்டாவின் லீச் ஏரியில் அந்தக் கணக்கு தவறியது. கொஞ்ச நாட்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மஸ்கிகள் சிக்கின. அப்போது எடுத்த படங்களில் அவை வரிசையாகத் தொங்குகின்றன. பக்கத்தில் மனிதர்கள் சிரித்தபடி நிற்கிறார்கள். எந்த மீனுக்கும் உயிர் இல்லை.

விஸ்கான்சினில் துப்பாக்கி போன அதே 1966-இல், பக்கத்து மின்னசோட்டாவில் கில் ஹாம் என்பவர் மஸ்கீஸ் இங்க் என்ற சங்கத்தைத் தொடங்கினார். பிடித்ததைத் திரும்ப விடும் பழக்கம் அதன் வழியாக ஊன்றியது. சட்டம் மெதுவாகப் பின்னால் வந்தது. விஸ்கான்சினின் பெரும்பாலான ஏரிகளில் பிடித்த மஸ்கியை வைத்துக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச நீளம் 34 அங்குலமாக இருந்தது, 2012-இல் 40 ஆயிற்று. மின்னசோட்டாவில் 2015 முதல் பெரும்பாலும் 54 அங்குலம், அதாவது நாலரை அடி. அப்படி ஒரு மீனைக் கண்ணால்கூடப் பார்க்காமல் கோலை ஒதுக்கி வைத்தவர்கள்தான் அதிகம். ஆக, பிடிபடுவது எல்லாமே விடுவதற்குத்தான்.

கொல்லக் கருவி தேடிய காலத்தில் யாரும் வலையைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. விட வேண்டும் என்றானதும் அதைப் பார்த்துப் பார்த்து வாங்க வேண்டியதாயிற்று. வளையத்தில் கட்டிய இவ்வகைக் கைவலைக்கு நம்மிடம் அத்தாங்கு என்ற பெயர் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்கிறேன்.

பழைய அத்தாங்கு முடிச்சுப் போட்ட நைலான். வளையம் சின்னது, பை ஆழமில்லாதது. ஒருமுறை எனக்குத் துணையாக வந்த பெரியவர் அப்படி ஒன்றைத்தான் கொண்டுவந்திருந்தார். மீன் உள்ளே போனதும் ஒரு உருட்டு உருண்டது. ஒரு மும்முள் தாடையில், மற்றொன்று வலைக்கண்ணில். மீன் திமிறத் திமிற நூல் செவுளைச் சுற்றி இறுகியது. நாங்கள் அறுத்து எடுத்தபோது வால் துடுப்பு விசிறி மடிப்புபோலக் கிழிந்திருந்தது. மேல்தோலின் வழும்பு வலையெங்கும் ஒட்டியிருந்தது. மீனுக்கு நோய் அண்டாமல் காக்கும் கவசம் அந்த வழும்புதான். நீந்திப் போனது. பிழைத்ததா, தெரியாது.

நடுவில் தொட்டில் என்று ஒன்று வந்தது. இரண்டு நீளக் கழிகள், இடையே தொய்வான வலை. ஒருவர் அதைத் தண்ணீரில் விரித்துப் பிடிக்க, மற்றவர் மீனை அதற்குள் நடத்திக்கொண்டு வருவார். கழிகளைச் சேர்த்தால் மீன் வளையாமல் நீளவாக்கில் கிடக்கும். சிலவற்றில் அளவுகோலும் தைத்திருக்கும். மீனுக்கு அதைவிடச் சுகமான ஏற்பாடு அன்று இல்லை. ஆனால் தொட்டிலுக்கு இரண்டு பேர் வேண்டும், அதிலும் இரண்டாமவருக்கு நிதானம் வேண்டும். தனியாகப் போகிறவர் அதை வாங்கிக் கொட்டகையில்தான் வைக்க வேண்டும்.

இன்றைய அத்தாங்கு ஒரு சிறு குளம். ரப்பர் பூசிய முடிச்சில்லாத வலை, தட்டையான அடிப்பகுதி, மூன்றடி அகல வளையம். மீனைப் படகில் ஏற்றுவதற்கல்ல, படகோரத் தண்ணீரிலேயே நிறுத்தி வைப்பதற்கு. மீன் அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, நாம் குனிந்து கம்பி வெட்டியால் முட்களை வெட்டிவிடலாம். முள்ளைக் காப்பாற்ற மீனைப் பிழிந்த காலம் போய், மீனுக்காக முள்ளை வெட்டும் காலம்.

துணை இருந்தால் எவ்வளவு பெரியதும் வாங்கலாம். நீளக் காம்பு, ஆழமான பை. கனத்தைப் பற்றிக் கவலையில்லை, இரண்டு கையாலும் பிடிக்க ஆள் உண்டு. தனியாள் விஷயம் வேறு. முன்பு தூண்டில் கோல் ஐந்தரை, ஆறடி. மீன் கைக்கெட்டும் தூரத்தில் வரும். இப்போது எட்டடி, ஒன்பதடிக் கோல். மீன் அவ்வளவு தள்ளி நிற்கிறது. எட்டிப் பிடிக்க நீளக் காம்பு வேண்டும், ஆனால் ஒரு கையால் அதன் நுனியைப் பிடித்து யாராலும் தூக்க முடியாது. காம்பைத் தொடையில் அண்டக் கொடுத்து, வளையத்தை முன்கூட்டியே தண்ணீரில் அமிழ்த்தி, கோலை உயர்த்தி மீனைத் தலை முன்னாக அதற்குள் இழுக்க வேண்டும். ஆகவே தனியாளுக்குக் கனம் குறைந்த வளையம். வாய் அகலத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. காற்றில் பை புடைத்து மீன் முகத்தில் அடிக்காமலிருக்க அதைச் சுருட்டிக் காம்போடு ஒரு ரப்பர் பேண்டில் மாட்டி வைக்கிறேன். கடையில் நிற்கும்போது இதெல்லாம் தோன்றாது. கடைக்குள் காற்று வீசுவதில்லை.

அன்று தனியாகப் போகிறவர் குறைவு. இருவர் போனார்கள், மீன் தப்பினால் அத்தாங்கு பிடித்தவர்மீது பழி விழுந்தது. வால் பக்கமாக வலையை நீட்டினாய், அவசரப்பட்டாய் என்று மாலைவரை பேச்சு நடக்கும். சில நட்புகள் அதில் முறிந்ததும் உண்டு. தனியாளுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிடித்ததைப் பார்க்கவும் ஆள் இல்லை.

போன அக்டோபரில் தனியாகப் போய் 47 அங்குலத்தில் ஒன்றைப் பிடித்துத் திரும்ப விட்டேன். படகிலிருந்தே பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். இப்போது அவர் ஏரிக்கு வருவதில்லை, முட்டி விடுவதில்லை. நீளம் கேட்டார், எந்த இரை என்று கேட்டார். பிறகு, "அத்தாங்கு யார் பிடித்தது?" என்றார்.

"நான்தான்."

"அப்போ கோல்?"

"அதுவும் நான்தான்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. "தப்பியிருந்தால் யாரைத் திட்டியிருப்பாய்?" என்று கேட்டார்.